மூக்குப் போலீஸ்

இரண்டாம் வகுப்பில் காலையில் முதல் வேலை படகு விடுவது. பிள்ளைகள் பாயில் மல்லாந்து படுத்து, ஆளுக்கொரு காகிதப் படகை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூச்சை இழுத்தால் படகு ஏறும், விட்டால் இறங்கும். மனதுக்கு நல்லது என்று டீச்சருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீச்சரும் அதை மனப்பூர்வமாக நம்பினாள். அந்தக் கொஞ்ச நேரம் வகுப்பில் பிரார்த்தனை நேரத்து அமைதி இருக்கும்.

அதைக் கெடுப்பது ஒரே ஒரு பெண். புதிதாகச் சேர்ந்தவள். கண்ணை மூடவே மாட்டாள். முழங்கையை ஊன்றி எழுந்து, பக்கத்தில் படுத்திருப்பவர்களின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள்.

"டீச்சர், இவ மறுபடியும் என் மூக்குல கை வைக்கிறா."

"மூக்குப் போலீஸ் வருதுடா, எல்லாரும் மூக்கை ஒளிச்சு வைங்க" என்றான் கொட்டாவி. படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

கல்வி அலுவலகத்திலிருந்து படகுப் பயிற்சியைப் பார்க்க ஆட்கள் வரும் நாளும் வந்தது. "அந்தப் பொண்ணை எங்கயாவது ஓரமா போடும்மா. வர்றவங்க முன்னாடி மானத்தை வாங்கிடப் போறா" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் அவளுடைய பாயை அலமாரி ஓரம் இழுத்துப் போட்டாள். "சுவத்தைப் பாத்துப் படு. கையைக் கட்டிக்கோ. இன்னிக்கு ஒரு நாள் திரும்பாதே, கண்ணு."

"திரும்பலேன்னா எப்படித் தெரியும் டீச்சர்?"

"என்ன தெரியணும் உனக்கு?"

பதிலைக் காத்திருந்து கேட்க டீச்சருக்குப் பொழுதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது.

வந்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். கொட்டாவி லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அது சட்டென்று நின்றது. அவ்வளவுதான். சுவரோரம் படுத்திருந்தவள் படகுகளை மிதித்துக்கொண்டு ஓடிவந்து, அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள்.

"எந்திரி. எந்திரிடா. டேய், எந்திரி."

அவன் அலறிக்கொண்டு எழுந்தான். அவள் அழவில்லை. அவன் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள், பிறகு அதற்கடுத்த பிள்ளையிடம்.

"இதுதான் உங்க அமைதியா?" என்று கேட்டார் வந்தவர்களில் ஒருவர்.

மத்தியானம் அவள் அம்மாவை வரச் சொன்னார்கள். மருத்துவமனைத் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள், சீருடையோடே வந்தாள். டீச்சர் நடந்ததைச் சொன்னாள். மூக்கில் விரல் வைப்பதைச் சொன்னதும் அந்த அம்மா வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவளுக்கு ஒரு தம்பிப் பாப்பா இருந்தான் டீச்சர். இவ அப்பா லாரியோட வெளியூர் போயிட்டாரு, எனக்கு நைட் ஷிப்ட். பக்கத்து வீட்ல சொல்லிட்டு, இவ பக்கத்துல படுக்க வச்சுட்டுப் போனேன். வந்து தூக்குறேன், ஜில்லுன்னு இருந்தான். டாக்டருக்கே காரணம் தெரியல."

டீச்சரும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"நான் ஒரு வார்த்தை கேட்டுட்டேன். 'பக்கத்துலயே படுத்திருந்தியே, தூங்கிட்டியாடி'ன்னு. அன்னையிலேர்ந்து இவ ராத்திரி கண்ணே மூடுறதில்ல. என் மூக்குலயும் விரல் வச்சுப் பாக்குறா."

"உன் தப்பில்லன்னு நீங்க சொல்லிடுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் அவ மனசு ஆறும்."

அந்த அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "சொல்லணும்னுதான் பாக்குறேன். வாய் வரல. பொய் சொல்ற மாதிரி இருக்கு."

அவளைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? துக்கம் கைக்கெட்டியதைத்தான் அடிக்கும். அன்றைக்கு எட்டியது அந்தக் குழந்தை.

குழந்தையைச் சுவரைப் பார்த்துப் படுக்கவைத்த கையைக் குவித்து, டீச்சர் மறுநாள் விடிகாலையில் வெகுநேரம் பிரார்த்தனை செய்தாள். வகுப்புக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை விரித்தாள்.

"போலீஸுக்கு இன்னிக்கு லீவு. எல்லார் மூக்கையும் நான் பாத்துக்கறேன். உன் மூக்கையும்தான்."

"என் மூக்கை எதுக்கு?"

"உன்னை யாரு பாத்துக்கறா, சொல்லு."

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தாள். "நீங்க தூங்கிடுவீங்க."

"நான் தூங்கினா பெரிய டீச்சர் என்னை பெஞ்சு மேல நிக்க வச்சிடுவாங்க. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

டீச்சர் அவள் மூக்கடியில் விரலை வைத்தாள். சின்ன மூச்சு சூடாகப் பட்டது. இமை இறங்கியது, திடுக்கிட்டு ஏறியது, மறுபடி இறங்கியது.

"நான் தூங்கினேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்."

"சொல்லமாட்டேன்" என்றாள் டீச்சர்.

மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். சத்தம் கேட்டு அவள் எழுந்துவிடக் கூடாதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா வாசலில் நின்றாள். "முகம் தெளிஞ்சிருக்கே. தூங்கினாளா?"

குழந்தையின் கை டீச்சரின் விரல்களை இறுக்கியது. டீச்சர் வாய் திறக்கவில்லை. ஆனால் பாயின் கோடுகள் கன்னத்தில் வரிவரியாகப் பதிந்திருந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அந்த வரிகளைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள்.

"வா. வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்" என்றாள்.

தப்பில்லை என்ற வார்த்தை அன்றும் வரவில்லை. டீச்சர் கடவுளிடம் கேட்டது அந்த வார்த்தையைத்தான். கிடைத்த மட்டுக்கும் நன்றி சொல்லிவிட்டு, பாய்களைச் சுருட்டப் போனாள்.