இருபத்தேழாவது ஆளும் பிள்ளையார் சுழியும்

2009 ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில், தன் பலசரக்குக் கடைக்குள் மகேசன் பாகற்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால் அமெரிக்காவிலிருந்து வோல்ட்டர். சுகம் கேட்கவில்லை, மழையா வெயிலா என்றும் கேட்கவில்லை.

"பதினெட்டு," என்றான்.

மகேசனுடைய கையில் பாகற்காய் அப்படியே நின்றது. ஐந்து வருசத்துக்கு முந்திய கோடை முழுவதும், மண்ணும் சுண்ணாம்பும் வறுத்த கச்சான் கடலையும் கலந்த வாசத்தோடு, கடைக்குள் வந்து நின்றது போலிருந்தது அவனுக்கு.

வோல்ட்டரைக் கடைக்குள் முதலில் கொண்டுவந்தது கச்சான்தான். நோர்வேக்காரியைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்த அந்த நெட்டை அமெரிக்கன், கோதோடு வறுத்த கச்சானைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறான். மகேசனுடைய கடையில் சாக்கோடு கண்டதும் கோயில் வாசலில் நிற்பவன்போல நின்றுவிட்டான். மகேசன் சும்மா விடுவானா? யாழ்ப்பாணம் பெரியகடையில் அப்பாவின் புடைவைக் கடைக்குள் தவழ்ந்து வளர்ந்தவன். ஒரு கிலோ கேட்டவனுக்கு மூன்று கிலோவும், கூடவே ஒரு போத்தல் மிளகாய்ச் சட்னியும் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினான். அடுத்த கிழமை வோல்ட்டர் திரும்பி வந்து அந்தச் சட்னிக்காக ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தான். அதோடு சிநேகம் இறுகிவிட்டது.

இருவருக்கும் பொதுப் பாசை நொஸ்க், நோர்வேக்காரரின் மொழி. இருவருக்கும் அது நொண்டி. அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

வோல்ட்டர் வாலிபத்தில் சம்பளத்துக்கு பேஸ்போல் பந்தெறிந்தவன். பெரிய அணிகளில் அல்ல; அவற்றுக்குக் கீழே, பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிற சின்ன அணியொன்றில். அந்த விளையாட்டின் அதிசயங்களை அவன் சொல்லச் சொல்ல, மகேசன் எல்லாவற்றையும் கடைக் கணக்கில் போட்டுப் பார்ப்பான். ஒரு சுற்றில் மூன்று பேரைத்தான் வெளியேற்றலாம். ஆனால் பின்னால் நிற்பவன் பந்தைத் தவறவிட்டு, மூன்று பந்தையும் அடிக்கத் தவறியவன் முதல் தளத்துக்கு ஓடித் தப்பிவிட்டால், எறிகிறவன் ஒரே சுற்றில் நாலு பேரை அடிக்கவிடாமல் வீழ்த்தியதாகவும் கணக்கு வரும் என்றான் வோல்ட்டர்.

"மூண்டு வாங்கினா ஒண்டு சும்மா. இதை நாங்கள் தீபாவளிக்கு நூல்சீலையிலை செய்தனாங்கள்," என்றான் மகேசன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. ஒன்பது சுற்று, சுற்றுக்கு மூன்று பேர், ஆக இருபத்தேழு பேர். அதில் ஒருத்தனைக்கூட முதல் தளத்தை மிதிக்கவிடாமல் திருப்பி அனுப்புவது. பிழையற்ற ஆட்டம் என்று அதற்குப் பெயர். 2004 வைகாசியில் நாற்பது வயது இடக்கைக்காரன் ஒருவன் அதைச் செய்துவிட்டான் என்று வோல்ட்டர் கடைக்குள் ஓடி வந்தான்.

"நாப்பது வயசிலை, மகே! நூற்றி இருபது வருசத்துக்கு மேலை விளையாடுறாங்கள், பெரிய அணியளிலை பதினேழே பதினேழு பேர்!"

"வந்த இருபத்தேழு பேரையும் வாசலோடை திருப்பி அனுப்புறதோ? எங்கடை கடையிலை அதுக்குப் பேர் நட்டம்."

வோல்ட்டர் சிரிக்கவில்லை. கச்சானை உடைத்தான், தின்னவில்லை. தன் கதையைச் சொன்னான். இருபத்து நாலு வயதில், அந்தச் சின்ன அணியில், அவனும் இருபத்தாறு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். அப்படியொரு ஆட்டம் நடக்கும்போது அணிக்காரர் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. எறிகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பதுகூட இல்லை. ஆனால் கடைசிச் சுற்றுக்கு முன்னால் புதிதாக வந்த ஒருத்தன் பக்கத்தில் குந்தி, "இன்னும் ஒருத்தனும் உன்னை அடிக்கேல்லை, கவனிச்சியா?" என்று கேட்டுவிட்டான்.

"ஐயோ, நாவூறு!" என்றான் மகேசன்.

அதென்ன என்று வோல்ட்டர் கேட்டான். நல்லதைக் கண்டு வாய்விட்டுச் சொன்னால் அது கெட்டுப்போகும், பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் சொல்லக்கூடாது, பயிர் செழித்தாலும் சொல்லக்கூடாது என்று மகேசன் விளக்கினான். வோல்ட்டர் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். பதினெட்டு வருசமாகத் தன்னை ஒருவரும் இப்படி விளங்கிக்கொண்டதில்லை, மனைவி உட்பட, என்றான்.

"பிறகு என்ன நடந்தது?"

"இருபத்தாறு பேர் போனாப் பிறகு, அவன் சொன்னது உண்மையோ எண்டு திரும்பிப் பலகையைப் பாத்தன். வரிசையா முட்டை. அடுத்த பந்தை நடுவிலை போட்டுட்டன். கடைசி ஆள் அடிச்சுப் போட்டான்."

அந்த 2004இல் வோல்ட்டருடைய தோள்மூட்டு இற்றுப்போயிருந்தது. ஆவணியோடு பந்தை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். ட்வெய்ட்டாவுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஞாயிறுகளில் விளையாடுகிற ஒரு பொழுதுபோக்கு அணியில்தான் அவன் அப்போது எறிந்துகொண்டிருந்தான். லில்லெஸ்ட்ரோமிலிருந்து வருகிற அணியோடு கடைசி ஆட்டம். மகேசன் வழக்கம்போலக் கச்சான் விற்கப் போனான். வழக்கம்போல எண்ணிக்கைப் பலகையும் அவன் தலையில்தான். ஆனால் கொழுவுகிற இலக்கத் தகடுகளை யாரோ தொலைத்துவிட்டதால், தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை இரவல் வாங்கி வந்திருந்தான்.

புறப்படும்போதே மனைவி கமலேஸ்வரி எச்சரித்தாள். "அங்கை போய் ஒண்டும் கதையாதேங்கோ. உங்கடை நாக்கு லேசுப்பட்ட நாக்கில்லை. லிப்ட் நல்லா ஓடுதெண்டு சொன்னியள், மூண்டு மாசமாப் படியாலை ஏறுறன்."

ஐந்தாவது சுற்று முடிந்தபோதுதான் மகேசன் கவனித்தான். லில்லெஸ்ட்ரோம்காரர் ஒருத்தனும் முதல் தளத்தை மிதிக்கவில்லை. வோல்ட்டர் வாங்கில் தனியே இருந்தான். அணிக்காரர் எல்லாரும் வாங்கின் மறுதொங்கலில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பேரம் பேசிப் பேசியே வயிறு வளர்த்தவனுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது என்ன வேதனை என்று அன்றைக்குத்தான் மகேசன் அறிந்தான். கச்சான் கேட்டவர்களுக்குக்கூடச் சைகையால் விலை சொன்னான். ஒரு நோர்வேக்கார அம்மா அவனை ஊமை என்று நினைத்து மிச்சக் காசை வேண்டாமென்றுவிட்டாள்.

ஏழாவது சுற்றில் பஸ் ஓட்டுகிற பேனாட் வந்து சேர்ந்தான். கிரிக்கெட் தவிர மற்றதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்பவன்.

"என்னடாப்பா இது, செத்த வீடு மாதிரிக் கிடக்கு? ஒருத்தனும் அடிக்கிறானில்லை, அதுக்கும் கைதட்டுறாங்கள்."

"வாயைப் பொத்து," என்றான் மகேசன் பல்லுக்குள்ளால்.

"ஏன் பொத்த? உன்ரை வெள்ளைக்காரன் உண்மையா ஒருத்தனையும்..."

மகேசன் ஒரு பிடி கச்சானைக் கோதோடு அவன் வாய்க்குள் அடைத்தான். பேனாட் இருமி முடிக்க ஒரு சுற்றே முடிந்துவிட்டது.

எட்டாவது சுற்றில் மழை தூறியது. ஐந்து நிமிசந்தான். ஆனால் பலகை முழுதும் வெள்ளையாய் வழிந்துவிட்டது. மகேசன் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினான். ஓட்டம், அடி, பிழை என்று மூன்று கட்டம். ஓட்டத்துக்கும் பிழைக்கும் முட்டை போட்டான். எதிராளி அடித்த அடிக்கான கட்டத்தில் கை நின்றது. அந்த முட்டையைப் போட்டால் அது வாய்விட்டுச் சொன்ன மாதிரியல்லவா? வாயால் சொன்னாலும் சுண்ணாம்பால் சொன்னாலும் நாவூறு நாவூறுதான். கட்டத்தை வெறுமையாக விட்டான்.

ஒன்பதாவது சுற்று. முதல் ஆள் போனான். இரண்டாவது ஆளும் போனான். இருபத்தாறு.

வோல்ட்டர் பந்தைக் கையில் உருட்டினான். பிறகு, பதினெட்டு வருசத்துக்கு முன் செய்த அதே வேலையைச் செய்தான். திரும்பிப் பலகையைப் பார்த்தான்.

மகேசனுக்கு உயிர் போய் வந்தது. 'பாராதை, பாராதை' என்று மனசுக்குள் கத்தினான். வோல்ட்டர் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் பயம் வரவில்லை. முதலில் குழப்பம் வந்தது, பிறகு புருவம் நெரிந்தது, பிறகு அந்தச் சட்னிச் சண்டையில் வந்த அதே கோபம் வந்தது. வெறிகொண்டவன்போலத் திரும்பி எறிந்தான். அடிக்க நின்றவன் துடுப்பை வீசினான். காற்று மட்டும் அடிபட்டது. இன்னொன்று. இன்னொன்று. மூன்றாவது பந்து பின்னால் நின்றவனுடைய கையுறைக்குள் 'டப்' என்று விழுந்த சத்தம் பலகைக்குக் கேட்டது.

மைதானமே உள்ளே பாய்ந்தது. வோல்ட்டர் ஒருவரையும் கட்டிப்பிடிக்கவில்லை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே பலகையடிக்கு வந்தான்.

"எந்த ரெண்டு?" என்று கத்தினான். "மகே, எவன் என்னை ரெண்டு தரம் அடிச்சவன்? எப்ப அடிச்சவன்? காட்டு!"

மகேசன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். பலகையின் நடுவில், அடிக்கான வெறுங்கட்டத்தின் தலையில், அவனையறியாமல் அவன் கை எழுதிவிட்ட 'உ' ஒன்று இருந்தது. புதுப் பக்கம் எதைத் தொடங்கினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடாவிட்டால் அப்பா பிடரியில் போடுவார். பிடரிக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை. அமெரிக்கக் கண்ணுக்கு அது சுத்தமான இரண்டு.

"அது ரெண்டு இல்லை," என்றான் மகேசன். நாலு சுற்றாக வாயைக் கட்டிவைத்ததில் குரல் கரகரத்தது. "அது எங்கடை பிள்ளையார்."

"என்ன?"

"யானைத் தலைக் கடவுள். எதைத் தொடங்கேக்கையும் அவரைத்தான் முதல் எழுதுறது. உன்னை ஒருத்தனும் அடிக்கேல்லை. இருபத்தேழு பேரும் போயிட்டாங்கள். முடிஞ்சுது, வோல்ட்டர்."

வோல்ட்டர் அந்த எழுத்தைப் பார்த்தான். தொடப் போனவன் அழிந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டான். பிறகு ஈரப் புல்லில் அப்படியே குந்தி, தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பா அழுகையா என்று பேனாட் பிறகு கனகாலம் வாதாடினான்.

அந்த ஆட்டம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. மாரிக் குளிருக்கு முன் வோல்ட்டர் மனைவியோடு அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டான். கரும்பலகை பள்ளிக்கூடத்துக்குப் போனது. மறுநாளே யாரோ வாய்பாடு எழுதிவிட்டார்கள். மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஞாயிறுகளில் மகேசன் அந்தப் பக்கம் போகிறபோது, பலகை நின்ற இடத்தில் நிற்கிற கார் எதுவென்று பார்க்காமல் வருவதில்லை.

"மகே, கேக்குதா?" என்றது தொலைபேசி. "நேற்றுச் சிக்காகோவிலை ஒருத்தன். பதினெட்டாவது ஆள்."

"அது உங்கடை கணக்கு," என்றான் மகேசன் பாகற்காயைக் கீழே வைத்துவிட்டு. "எங்கடை கணக்கிலை பத்தொன்பது."

மறுபக்கத்தில் கச்சான் கோது உடைகிற ஒலி மட்டும் கேட்டது.

"அந்த ஆட்டத்திலை அடி எத்தினை?" என்று கேட்டான் வோல்ட்டர்.

"ரெண்டு," என்றான் மகேசன்.