நூற்று முப்பது குறைகிறது

1

இது கட்டுரையாக முடிந்திருக்க வேண்டியது. காந்திபுரத்தில் சிறு முதலீட்டாளர் சங்கம் ஒன்றை நடத்திவந்த அங்கப்பன், 1996இல் தன் மாத இதழுக்கு நாலு பக்கம் கேட்டார். எந்தத் தொழிலில் புதுப் பங்குகள் சேர்ந்து பழைய பங்கு அதிகம் நீர்த்துப்போகும், எதில் போகாது என்று சாதாரண ஆளுக்கும் விளங்கும்படி எழுதித் தர வேண்டும். ஒப்புக்கொண்டேன். முதல் வரி இப்படி இருந்தது:

'ஒரு கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிடும்போது பழைய பங்குதாரரின் உரிமை விகிதமானது…'

அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த முயற்சியில் மோரில் தண்ணீர் ஊற்றுவதை உவமையாக்கினேன். அதையும் அடித்தேன். பானையில் ஊற்றினால் எல்லார் டம்ளரிலும் ருசி குறையும். நான் சொல்ல வந்த இடத்திலோ, ஊற்றியவர்களின் டம்ளர் மட்டும் கெட்டியாகவே இருந்தது. மூன்றாவது முறை உட்கார்ந்தபோது தாளில் கோமளா வந்துவிட்டாள். கட்டுரை போயிற்று.

(மில்லின் பெயரைத் தேட வேண்டாம். அப்படியொரு மில் கோவையில் இல்லை.)

2

கோமளா பீளமேட்டில் ஒரு பெண்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். அவள் கணவர் ராமுலு, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பஞ்சுக் கொள்முதல் பார்த்தார். அந்த மில்லின் நிர்வாக இயக்குநர் வம்சி, ராமுலுவுக்குச் சித்தப்பா மகன். ராமுலு சம்பளக்காரர்தான், பங்கு ஏதும் அவரிடம் இல்லை. கோமளாவிடம் நூற்றைம்பது இருந்தது. சம்பள அரியர்ஸ் வந்தபோது தன் பேரிலேயே வாங்கியது.

1994 ஜனவரியில் பங்குதாரர் கூட்டத்துக்குத் தபாலில் நோட்டீஸ் வந்தது. மில்லுக்குப் புது மெஷின்கள் வேண்டும். அதற்காகப் புதுப் பங்குகள் வெளியிடப் போகிறார்கள். அத்தனையும் வம்சியின் குடும்பத்துக்கு மட்டும். சந்தையில் தொண்ணூறு ரூபாய்க்கு விற்ற பங்கு அவர்களுக்குப் பதினைந்து ரூபாய். கோமளா ராமுலுவிடம் காட்டினாள். மெஷின் பழசாகிவிட்டது உண்மைதான் என்றார் அவர். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

3

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை பள்ளி வாசலில் பிரான்சிஸ் காத்திருந்தார். பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். மகள் கயல்விழி கோமளாவிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். அவரிடம் மூன்று கம்பெனிகளின் பங்குகள் இருந்தன; அதில் ஒன்று இந்த மில். அங்கப்பன் கேட்ட நாலு பக்கத்தையும் அவர் சைக்கிளைப் பிடித்தபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

பம்ப் கம்பெனி லாபத்திலிருந்தே அடுத்த லேத்தை வாங்கிவிடும். பத்து வருடமாக ஒரு பங்குகூடப் புதிதாக அச்சடிக்கவில்லை. மெஷின், வண்டி வாங்கி வாடகைக்கு விடும் லீசிங் கம்பெனிக்குப் பணம்தான் சரக்கு. வளர வேண்டுமானால் வருடா வருடம் பங்கு விற்றாக வேண்டும். அதைத் தெரிந்தேதான் வாங்குகிறோம். நல்ல விலைக்கு விற்றால் பழைய ஆளுக்கும் நஷ்டமில்லை. நூல் மில்தான் ஏமாற்றும். பத்து வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். ஒருநாள் எல்லா மெஷினும் ஒன்றாகக் கிழடாகும். அன்றைக்கு எந்த விலைக்கு, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

(அவர் இவ்வளவு கோர்வையாகப் பேசவில்லை. அடுக்கி வைத்தது நான்.)

கை தூக்கச் சொன்னால் தீர்மானம் நிறைவேறிவிடும் என்றார். தலைக்குப் பத்துப் பங்கு கொடுத்து மில் ஆட்களை மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். கைக்கு ஒரு வோட்டு. பங்குக்கு ஒரு வோட்டு என்று எண்ண வைக்க வேண்டுமானால், ஐயாயிரம் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்து கேட்க வேண்டும், அதுதான் சட்டம். வெளியூர்ப் பங்குதாரர்கள் தங்களுக்காகக் கேட்கச் சொல்லிக் கொடுத்த அதிகாரக் கடிதங்களோடு அவர் கையில் ஐயாயிரத்து நானூறு சேர்ந்திருந்தது. கோமளாவும் சேர்ந்தால் பலம் என்றார். தன்னால் முடியாது என்றாள் அவள். அவர் வற்புறுத்தவில்லை.

4

மண்டபத்தில் கோமளா முன்வரிசையில், குடும்பத்தாரோடு, ராமுலுவுக்கும் வம்சியின் மாமியாருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். பின்னால் மில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தீர்மானத்தை வாசித்து முடித்ததும் பிரான்சிஸ் எழுந்து பங்குக் கணக்கில் வாக்கெடுப்பு கேட்டார். கம்பெனி செக்ரட்டரி ஒரு தாளைப் பார்த்தார். ஆறு கடிதங்களில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, தள்ளுபடி செய்தாயிற்று என்றார். மிச்சம் நாலாயிரத்து எண்ணூற்று எழுபது.

"நூத்தி முப்பது குறையுதுங்க. சட்டப்படி முடியாதுங்க."

பிரான்சிஸ் மண்டபம் முழுவதையும் பார்த்தார். கோமளாவை மட்டும் பார்க்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. மறுபடி கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம்.

(முதல் வரைவில் அவள் எழவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று நானும் நினைத்தேன். கணவனின் வேலை, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய சொந்தம். மறுநாள் வகுப்பில் அவளை விகிதசமம் நடத்த வைத்து, அழகான ஒரு வாக்கியத்தோடு… வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

வம்சி மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். ஆட்சேபம் இல்லையென்றால் கை தூக்கலாம் என்றான். கோமளா எழுவதை உணர்ந்த ராமுலு, அவள் முந்தானை நுனியைப் பிடித்தார். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டார். அவள் அதை விடுவித்துக்கொண்டு நின்றாள்.

"என்ற பேர்ல நூத்தம்பது இருக்குதுங்க. அவங்களோட சேத்துக்குங்க."

செக்ரட்டரி வம்சியைப் பார்த்தார். வம்சி அண்ணியைப் பார்த்தான்.

5

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். பிரான்சிஸ் லீவு போட்டு வீடு வீடாக அலைந்தார். கொடுமுடியிலிருந்தும் கோபியிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். முக்கால் பங்கு வோட்டு தேவைப்பட்ட தீர்மானத்துக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று விழுந்தது. தோற்றது.

கதையை இங்கே முடித்திருந்தால் அங்கப்பன் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் மெஷின்கள் இன்னும் பழசாகவே இருந்தன.

மார்ச்சில் ராமுலுவை ஈரோட்டு நூல் டிப்போவுக்கு மாற்றினார்கள். ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்தார். அவள் செய்தது சரியென்றோ தப்பென்றோ ஒருநாளும் சொல்லவில்லை. சாப்பிடும்போது பேச்சு குறைந்தது.

ஜூலையில் மில் மறுபடியும் பங்கு வெளியிட்டது. இந்த முறை எல்லாருக்கும், கையிலுள்ள பங்கு ஒன்றுக்குப் புதிது ஒன்று, இருபத்தைந்து ரூபாய்க்கு. ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரான்சிஸின் நானூறுக்குப் பத்தாயிரம் கட்ட வேண்டும்; அவரிடம் இல்லை. புதுப் பங்கு வாங்கும் உரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்டுப் பள்ளி வாசலுக்கு வந்து சொன்னார்.

"நாயமா நடந்தாலும் நம்ம பங்கு சிறுத்துத்தானுங்க போகுது, டீச்சர்."

6

கடைசித் தேதிக்கு முந்தின ஞாயிறு காலை வம்சி வீட்டுக்கு வந்தான், கூட்டத்துக்குப் பிறகு முதல் முறையாக. காபி குடித்தான். அவளுக்கு வரவேண்டிய நூற்றைம்பதையும் தனக்கு விட்டுக்கொடுக்கும் படிவத்தை மேஜைமேல் வைத்தான். பேனாவையும் அவனே திறந்து வைத்தான். (வீட்டில் பேசுவது தெலுங்கு. நான் தமிழில் தருகிறேன்.)

"அண்ணன அடுத்த மாசம் இங்கயே கூட்டிக்கலாம்னு இருக்கறேன், அண்ணி."

"கையெழுத்துப் போடலைன்னா?"

அவன் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினான். கோபமாகத் தெரியவில்லை. களைத்திருந்தான், அவனுக்கும் பாங்கில் யாரோ கெடு வைத்திருக்க வேண்டும்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவள் கையெழுத்திட்டாள். இன்னொன்றில் மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்க்குச் செக் எழுதினாள். அங்கப்பனிடம் இரண்டையும் காட்டினேன். அவர் முதலாவதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவதைப் படித்துவிட்டு, ராமுலு என்ன ஆனார் என்று கேட்டார். இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்போது மணி பதினொன்று. ஈரோட்டு பஸ்ஸிலிருந்து ராமுலு இறங்கி வீடு வந்து சேரும்போது மதியம் ஒரு மணி ஆகியிருக்கும். வம்சி இன்னும் எழுந்து போகவில்லை. பேனா திறந்தபடி இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.