மூக்கு சொன்னதும் கதவு சொன்னதும்

பல்லாவரத்துத் தோல் கம்பெனிப் பக்கமிருந்து காற்றடித்தால் அந்தத் தெருவில் சம்பந்தம் பேச வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். அதே தெருவில்தான் அன்று சாயங்காலம் தனசிங்கின் தங்கை கிருபாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா ஹில்டா டீச்சருக்குச் சேலையூர். பெண் பார்க்க வந்தபோது மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை. கிளம்பும்போது, "பொண்ணு தங்கம். ஆனா இந்த நாத்தம் வீட்டுக்குள்ளயும் வருமா?" என்று ஒரு கேள்வியை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கிருபாவுக்குத் தூக்கம் இல்லை.

"நாத்தத்துக்கு நான் பொறுப்பு. நீ பவுடர் பூசற வேலைய பாரு" என்று வாக்குக் கொடுத்திருந்தான் தனசிங்.

பார்த்துப் பார்த்து அன்று காலையில்தான் குளியலறை அடைத்துக்கொண்டது. ஊரிலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். முடி பந்துபோல் குழாய்க்குள் உருண்டு, அழுக்குத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்று நாறியது. குச்சி விட்டுக் குத்தினான், அசையவில்லை.

தனசிங் தோல் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் உதவியாளன். ஆட்டுத்தோலில் இருக்கும் முடியைக் கம்பெனியில் எது கரைக்கிறது? சல்பைடு! சோடியம் சல்பைடு! மஞ்சளாய், வெல்லச் சில்லு மாதிரி இருக்கும். சுண்ணாம்போடு சேர்த்தால் முடி கஞ்சியாய்க் குழைந்துவிடும். தோல் முடிக்கு ஒரு நியாயம், தலைமுடிக்கு ஒரு நியாயமா? சைக்கிளை மிதித்துப் போய் ஒரு டின்னில் கொண்டுவந்தான். கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு கொட்டினான். கொஞ்ச நேரத்தில் கொடகொடவென்று தண்ணீர் இறங்கியது. லேசாய் அழுகிய முட்டை வாடை. அது போய்விடும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தான்.

"அத்தைகிட்ட மூச்சு விடாத. கம்பெனி சாமான் வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா ஊரையே கூட்டிடுவாங்க" என்று கிருபாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, வாடகை நாற்காலி எடுக்கப் போனான்.

திரும்பி வந்தபோது கேட்டிலேயே குப்பென்று அடித்தது. ஆயிரம் கூமுட்டையை ஒரே நேரத்தில் உடைத்த மாதிரி! நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினான். ஆனால் குளியலறை வாசலுக்கு வந்தால்... வாடையே இல்லை.

உள்ளே, அவர்கள் இருவரையும் வளர்த்த ரத்தினபாய் அத்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. காலடியில் காலி பாட்டில்.

"இன்னா பண்ணீங்க அத்தே?"

"நாறுச்சுடா. தெருவுக்குப் போவக்கூடாதுன்னு ஜன்னல சாத்திட்டு, தரை கழுவுற ஆசிட்ட மொத்தமா ஊத்திட்டேன். மொதல்ல மூஞ்சியில அடிச்சுது. இப்ப மோந்து பாரு, துளி நாத்தம் கீதா?" அவளுக்கு வெற்றிச் சிரிப்பு. ஆனால் நாக்கு குழறியது, கண்கள் மிளகாய்ப்பழம்.

தனசிங் ஒருமுறை மோந்தான். ஒன்றுமே இல்லை. சந்தோஷப்படுவதா? கேட்டில் குடலைப் புரட்டியது கிணறு மாதிரி இருக்கும் இந்த அறையில் ஏன் இல்லை? அடுப்பு தூரத்தில் சுட்டு, பக்கத்தில் குளிருமா? கம்பெனியில் சல்பைடுத் தண்ணீருக்கு ஒரு கால்வாய், ஆசிட் தண்ணீருக்கு வேறு கால்வாய். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு, வேலையை விட்டு ஓடு என்பார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே கால்வாய். சரி, சேர்ந்துவிட்டது. அப்படியானால் வாடை எங்கே? இல்லாத வாடைக்கு எதற்கு ஓடுவது?

தலை சுற்றியது. குழப்பத்தாலா, வேறு எதனாலாவதா என்றுகூடத் தெரியவில்லை. கதவைப் பிடித்தான்.

போன வாரம் அவனே வெள்ளைப் பெயிண்ட் அடித்த கதவு. அடிப்பாகம் டீக்கறை பட்ட மாதிரி பழுப்பேறி, கண்ணெதிரே கறுத்துக்கொண்டிருந்தது. சோதனைக்கூடத்தில் ஈய உப்பு ஏற்றிய தாளை நனைத்துத் தோலில் ஒற்றுவான். தாள் கறுத்தால் சல்பைடு இன்னும் இருக்கிறது. அந்த வெள்ளைப் பெயிண்டிலும் இருப்பது ஈயம்தான்!

இல்லை என்கிறது மூக்கு. இருக்கிறது என்கிறது கதவு. அவன் கதவை நம்பினான்.

மூச்சை அடக்கிக்கொண்டு அத்தையைத் தரதரவென்று இழுத்தான்.

"டேய், பட்டுப்புடவடா, கிழியுது!"

"கிழியட்டும்! எல்லாரும் வெளிய வாங்க! கேள்வி அப்பால கேளுங்க!"

தெருவுக்கு வந்ததும் அத்தை வாந்தியெடுத்தாள். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் ஓடிவந்து நாடி பார்த்து, காற்றாட உட்காரவைக்கச் சொன்னார். தனசிங் வெளியிலிருந்தே மூங்கில் கழியால் குளியலறை ஜன்னலைத் தள்ளித் திறந்தான். உறவுக்காரர்கள், "பையனுக்கு இன்னா ஆச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்கும்போதே ஹில்டா டீச்சர் மகனோடு டாக்சியில் வந்து இறங்கிவிட்டார்.

வாசற்படியில் கால் வைத்து, கைக்குட்டையை இறக்கி, நன்றாக மூச்சை இழுத்தார்.

"பரவாயில்லையே! ஒரு வாசனையும் இல்ல!"

அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதமாய் அந்த வீடு ஜெபம் பண்ணியிருந்தது. நிஜமாகவே போய்விட்டதா? இவர் மூக்கும் செத்துவிட்டதா? தன் மூக்குக்கு வாடகை நாற்காலியின் தூசி வாடைகூடத் தெரியவில்லையே! தனசிங் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தான்.

"உள்ள போகாதீங்க டீச்சர்."

"ஏம்ப்பா? வாசனைதான் இல்லையே?"

"அதான் டீச்சர் பயமா இருக்கு."

கிருபா அழுகையும் பேச்சுமாய் முடி, சல்பைடு, ஆசிட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அத்தை தனசிங்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்போ, வந்தா நாத்தம், வராட்டி ஆபத்தா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். இல்ல டீச்சர். அதிகமா இருந்தா மூக்குக்குத் தெரியாது டீச்சர்."

டீச்சர் அவனைப் பார்த்தார், வெளிறிக் கிடந்த அத்தையைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்து அத்தை பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "பாஸ்டர் இங்கயே வரட்டும். தெருவுல ஜெபம் பண்ணா ஆண்டவருக்குக் கேக்காதா?"

பாஸ்டர் வந்து, எல்லாரும் கண்ணை மூடி, கிருபாவும் மாப்பிள்ளையும் தலை குனிந்து நிற்கும்போது காற்று திரும்பியது. தோல் கம்பெனி நாற்றம் தெருவை அடைத்தது. கைக்குட்டைகள் மூக்குக்குப் பறந்தன.

"வருது!" என்று ஜெபத்தின் நடுவில் கத்தினான் தனசிங். "எனக்கு நாத்தம் வருது!"

"எனக்குந்தாண்டா!" என்றாள் அத்தை.

ஹில்டா டீச்சர் கண்ணைத் திறக்காமலே கைக்குட்டையை மடியில் இறக்கி, எல்லாருக்கும் முந்தி, "ஆமென்" என்றார்.