நாளைக்கு வரச் சொல்லப்பட்டவன்

முஹைதீன் ஹாஜியாரின் மகன் அஸ்ஃபருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவனை எல்லாருக்கும் தெரியும்.

அவன் ஊரான அலவத்துகொடையில் இதை யாரும் குறை என்று சொல்லமாட்டார்கள். அடையாள அட்டைக்கு ஒரு மாமா இருந்தார், லைசன்ஸுக்கு ஒரு மச்சான் இருந்தான். பிறந்த நாள் தொட்டு அஸ்ஃபர் எந்த அரச அலுவலகத்திலும் வரிசையில் நின்றது கிடையாது. அப்படிப்பட்டவன்தான் கண்டியில் சனி, ஞாயிறுகளில் பொது நிர்வாக முதுமாணிப் பட்டம் படித்துக்கொண்டிருந்தான்.

படிப்பில் செய்முறைப் பாடம் ஒன்று இருந்தது. விரிவுரையாளர் செல்லப்பா அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "ஏதாவது ஒரு பிரதேச செயலகத்துக்குப் போங்க. சாதாரண ஆளா நின்னு உங்க பிறப்புச் சான்றிதழ் கொப்பி ஒண்ணு எடுங்க. எந்தப் படிக்கு எத்தன நிமிஷம்னு எழுதுங்க. தெரிஞ்சவங்களப் புடிச்சி எடுத்தா சைபர். வரிசையில நிக்காதவன் நாளைக்குக் கதிரையில உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறான்?"

போன வருடம் அஸ்ஃபர் பெருமையோடு அறிக்கை கொடுத்தான்: மொத்த நேரம் நான்கு நிமிடம், தேநீர் உட்பட. செல்லப்பா சேர் அதில் மிக அழகான வட்டமாக ஒரு சைபர் போட்டார்.

"இந்த முறையும் பெய்லாகினா கடைக்கு வா மகன்," என்றார் வாப்பா. அவருக்கு அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை. "பைப் அளக்கிறதுக்கு மாஸ்டர்ஸ் தேவல்ல."

ஆகவே இந்த முறை கண்டி நகரத்துப் பிரதேச செயலகத்துக்கே போய் வரிசையில் நின்றான். ஐந்தாவது ஆளாக நின்றபோது உள்ளேயிருந்து ஒரு குரல்: "டேய், நீ முஹைதீன் நானாட மகனல்லவா? ரோட்டால போறவன் மாதிரி அங்க என்னத்துக்கு நிக்கிற? உள்ளுக்கு வா!"

உம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஜமால்தீன். அஸ்ஃபர் ஓடினான். ஜமால்தீன் மாமா உதவி செய்தே தீருவேன் என்று படிக்கட்டு வரை துரத்தி வந்தார்.

அறிக்கை கொடுக்க மூன்று நாள்தான் மிச்சம். மறுநாள் காலை தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு தெல்தெனிய பஸ்ஸில் ஏறி, பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் அலுவலகத்துக்குப் போனான். நம்பர் அறுபத்து மூன்று. அவனைத் திரும்பிப் பார்க்க ஒரு நாதியில்லை. மனம் குளிர்ந்துபோய்விட்டது.

அறுபத்து நான்கு, மடுல்கெல்லத் தோட்டத்து ஜெயராணி. மகளின் சான்றிதழுக்காக வந்திருந்தாள். பதினொரு மணிக்கு இரண்டு பேரையும் திருப்பி அனுப்பினார்கள். அடையாள அட்டைப் போட்டோகொப்பி இல்லையாம். கடைவீதிக்குப் போய்வந்தால் பழைய நம்பர் செல்லாது. புதிதாக எடுக்க வேண்டும்.

"மூணாவது தடவ வர்றேன் தம்பி. ஒவ்வொரு தடவயும் ஒண்ணு இல்லங்கிறாங்க," என்றாள் ஜெயராணி. "உள்ள தெரிஞ்சவங்க இருந்தா முன்னாடியே சொல்லியிருப்பாங்க."

அஸ்ஃபர் பேனாவைத் திறந்தான். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான்.

இரண்டே முக்காலுக்கு அவன் முறை வந்தது. எழுதுவினைஞர் சஞ்சீவனி தலை நிமிராமல் சொன்னாள்: "சைன் பண்ற ஐயா மீட்டிங் போயிட்டாரு. நாளைக்கு வாங்க."

"என்ன சென்ன நீங்க?"

"நாளைக்கு வாங்க."

"இன்னொருக்கா செல்லுங்க மிஸ்."

சஞ்சீவனி இப்போது நிமிர்ந்தாள். எதிரே ஒருவன் பரிசு விழுந்தவன் போல நின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து தலைமை எழுதுவினைஞர் வந்தார். "இங்க அஸ்ஃபர்னு யாரு? சித்தி றலியான்னு ஒரு அம்மா போன் பண்ணினாங்க. நமக்கு வேண்டப்பட்ட ஆள். ஐயாவ மீட்டிங்ல இருந்து கூப்பிடவா?"

சாச்சி, உம்மாவின் தங்கச்சி! பஸ்ஸில் ஏறியதை எந்தக் கண்தான் பார்த்ததோ. வாப்பாவின் கடையில் பி.வி.சி. குழாய்கள் அவனுக்காக வரிசையில் நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. விண்ணப்பமோ சஞ்சீவனியின் கையில், அவன் பெயர் மேலே.

"மிஸ்," என்றான் மிக மெதுவாக, "அல்லாவுக்காக, என்ன நாளைக்கே வரச் செல்லுங்க."

பதினைந்து வருட சேவையில் யாரும் அவளிடம் கேட்காத உதவி அது. சஞ்சீவனி விண்ணப்பத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அதைக் கட்டின் அடியில் செருகினாள்.

"அப்படி யாரும் இங்க இல்ல சேர்."

மறுநாள் பத்து நிமிட இடைவெளியில் அவனுக்கும் ஜெயராணிக்கும் சான்றிதழ் கிடைத்தது. அறிக்கை: இரண்டு நாள், ஏழு மணித்தியாலம் பத்து நிமிடம். சிபாரிசு: என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று வாசலில் ஒரு பலகை, போட்டோகொப்பிக்குப் போனவருக்குப் பழைய நம்பரே செல்லும். சஞ்சீவனி அறிக்கையின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

செல்லப்பா சேர் அந்த வருடத்தின் அதிகூடிய புள்ளியைப் போட்டார். நன்றி சொல்ல அஸ்ஃபர் திரும்பப் போனபோது அந்த அலுவலக வாசலில் மூன்று மொழியிலும் பலகை தொங்கியது. ஒரு கிழவர் அதை வாசித்துவிட்டு, உள்ளே போகாமல் நேரே போட்டோகொப்பிக் கடைக்கு நடந்தார்.

அக்குறணைக் கடையில் வாப்பா வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கட பரம்பரையிலயே ஆருக்கும் கெடைக்காதது. என்ட மகன நாளைக்கு வரச் செல்லீக்கிறாங்க!"