நடப்பதற்கு ஒரு காரணம்

ஒச்சம்மாளின் கண்ணில் புரை முற்றியிருந்தது. அறுவை செய்ய அரசு மருத்துவமனை ஆயத்தமாகவே இருந்தது. சர்க்கரை இருநூறுக்குக் கீழே இறங்கினால் போதும். இறங்கவில்லை. பங்குனியில் மல்லிகை பூக்கத் தொடங்கிவிடும். அதற்குள் கண் தெளியாவிட்டால் அவளைப் பூவெடுக்க எவரும் அழைக்கப்போவதில்லை. சென்ற பருவத்திலேயே விளைந்த மொட்டோடு பிஞ்சையும் சேர்த்துக் கிள்ளிவிட்டாளென்று தோட்டக்காரர் முகம் சுளித்திருந்தார்.

"தெனமும் நடங்கம்மா. மாத்திரை பாதி, நடை பாதி," என்றாள், வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கும் சுகன்யா.

"எங்கிட்டுத்தா நடக்க?"

"ரோட்டுலதான்."

அந்தச் சாலையை அண்மையில்தான் அகலப்படுத்தியிருந்தார்கள். புளியமரங்களை வெட்டி, ஓரத்து மண்ணைத் தாரால் மூடி, வெள்ளைக் கோட்டைச் சாக்கடையின் விளிம்பிலேயே இழுத்திருந்தார்கள். பேருந்துக்கு இடமுண்டு, பால் வண்டிக்கு இடமுண்டு, பூ வேனுக்குத் தாராளமாக உண்டு. காலுக்கும் இடம் வேண்டுமென்பது வரைபடம் போட்டவர் எவருக்கும் தோன்றவில்லை. நடக்கச் சொல்லும் துறை வேறு, சாலை போடும் துறை வேறு. இரண்டும் ஒரே அரசினுடையவை. நடைப்பயிற்சிக்கென்றே பூங்கா ஒன்றும் இருந்தது, திண்டுக்கல்லில். அங்கே சென்று நடக்க இரண்டு பேருந்து மாற வேண்டும்.

ஒச்சம்மாள் நடக்கத்தான் செய்தாள்; ஊர்தான் விடவில்லை. தெரிந்தவர் நடந்துபோகக் கண்டும் வண்டியை நிறுத்தாமல் செல்வது அந்தப் பக்கத்தில் அவமதிப்பு. நிறுத்திய வண்டியில் ஏற மறுப்பது அதைவிடப் பெரிய அவமதிப்பு. முதல் நாள் ஊரெல்லை தாண்டுவதற்குள், வண்டியில் வந்த ஊர்க்காரர் கருப்பணன் ஏற்றிக்கொண்டார். போகுமிடம் ஏதுமில்லாததால் நிலக்கோட்டைப் பூச்சந்தை என்று சொல்லி, அங்கே இறங்கிப் பேருந்தில் திரும்பி வந்தாள். அடுத்த முறை உண்மையையே சொல்லிப் பார்த்தாள்.

"சும்மா நடக்கேன்."

கருப்பணன் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல எதுவும் சண்டையா தாயி?"

மாலைக்குள் ஊர் முழுதும் அதே பேச்சு. மருமகள் அந்த வாரம் முகம் கொடுக்கவில்லை.

தை பிறந்ததும் பழநிக்குப் பாதயாத்திரை செல்வோர் வரத் தொடங்கினார்கள். அவர்களை மட்டும் எவரும் வண்டியில் ஏறச் சொல்வதில்லை; அது பாவம். ஒச்சம்மாள் பச்சைச் சேலை உடுத்தித் துளசி மாலை அணிந்தாள். கண் தெரிந்ததும் மெய்யாகவே நடந்து வருவதாகவும், இது ஒத்திகையென்றும் முருகனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஆனால், வழிநெடுகப் பந்தல்கள் நின்றன. பானகம் கொடுத்தார்கள், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். சர்பத் கடை அப்பாஸ், "நடக்குறவுக கிட்டக் காசு வாங்குறதில்லம்மா," என்று பெரிய தம்ளராகப் பார்த்து நீட்டினார். யாத்திரைக்காரர் எதையும் மறுக்கலாகாது.

சுகன்யா விரலில் குத்திப் பார்த்தாள். எண் ஏறியிருந்தது.

"நடந்தீகளா இல்லியா?"

"நடந்தேனே."

"என்ன சாப்டீக?"

"குடுத்த அம்புட்டையும்."

மறுநாள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் சாலைக்கு வந்தாள். அண்ணன் மகன் பாண்டியராஜின் வண்டி நின்றது.

"ஏறுங்கத்தை."

"நீ போப்பு. நா நடக்கணும்."

"அத்தைய நடுரோட்டுல விட்டுட்டுப் போயிட்டான்னு பேசமாட்டாகளா? மகளுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். இப்பப் போயிக் கோவமா?"

"கோவமில்லப்பு. கண்ணு ஆபரேசனுக்காக நடக்கேன்."

அவனால் ஏற்றவும் முடியவில்லை; விட்டுச் செல்லவும் முடியவில்லை. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு உடன் நடந்தான். பெட்ரோல் தீர்ந்ததோவென்று கேட்டு நிறுத்திய கருப்பணனும், இருவர் நடக்கத் தாம் மட்டும் ஓட்டிச் செல்வது முறையன்று என்று இறங்கினார். பால் வண்டிக்காரரும் இறங்கினார். பின்னால் பேருந்து நின்றது. அதன் பின்னால் பூ வேன்கள் நின்றன. சாலை மறியலென்று யாரோ செய்தி அனுப்ப, சாலைத் துறை அலுவலர் ஜீப்பில் வந்திறங்கினார்.

"கோரிக்கை என்ன?"

"நடக்கணும்யா. ஓரமா ஒரு பாதை வேணும்," என்றாள் ஒச்சம்மாள்.

"ஜீப்புல ஏறுங்க. ஆபீஸ்ல பேசிக்குவோம்."

"நீங்க முன்னால போங்க. நா நடந்தே வாரேன்."

அலுவலகம் அடுத்த ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இருந்தது. அன்று அலுவலர் மனுவை வாங்கிக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னார். மறுநாளும் நாளைக்கு வரச் சொன்னார். ஒச்சம்மாள் நாள்தோறும் சென்றாள். எவரும் வண்டியை நிறுத்தவில்லை. நடைபாதை கேட்டு மனுக் கொடுத்தவளை ஏற்றிச் சென்றால் மனு செல்லாமல் போய்விடுமென்று ஊர் முடிவு செய்திருந்தது.

மாசி நடுவில் சர்க்கரை இறங்கியது. மருத்துவமனை நாள் குறித்துக் கொடுத்தது. பாதையைப் பற்றி மட்டும் மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. அதைத் தெரிவித்த அலுவலர், ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

"ஒரு மாசமா? நடுவுல வரப்படாதாய்யா?" என்று கவலையோடு கேட்டாள் ஒச்சம்மாள்.