இடக்கை நெவிலின் கிதார்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் நெவில் கிராப்ட்ரியைப் போல வாயைத் திறக்காத ஆள் இன்னொருவன் இருந்தால், அவனைக் கட்டிக்கொண்டவளுக்கு ராணியே வந்து பதக்கம் குத்தியிருக்க வேண்டும் என்பாள் அவன் மனைவி கிளெனிஸ்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ‘வெல்வெட் ஹெரான்ஸ்’ ராக் குழுவில் அவன் கிதார் வாசித்தபோது, அந்நாளைய ராக் மோஸ்தர்படி இமைக்கு நீல மை தீட்டி, கன்னத்தில் மினுக்குத்தூள் அப்பி மேடைக்கு அனுப்பியவள் அவள்தான். பத்திரிகைகள் மெச்சிய அந்த வெள்ளிச் சட்டையை அவள் தன் அம்மா வீட்டுத் திரைச்சீலையை வெட்டித் தைத்திருந்தாள். லண்டன் தையற்காரர் தைத்தது என்று பாடகன் ஜானி காமெட் பேட்டி கொடுத்தான். நெவில் பேசவில்லை. நாட்டையே ஆடவைத்த பாட்டின் தொடக்க மெட்டு, நெவில் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கண்டுபிடித்தது. இசைத்தட்டில் ஜானியின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கும் பேசவில்லை. ஆல்பத்தின் அட்டைப்படத்தை இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டு, இடக்கைக்காரனான அவனை வலக்கைக்காரனாக்கினார்கள். “நல்லாத்தானே இருக்கு” என்றான்.

எழுபத்தைந்துக்குள் மினுக்கும் குதி உயர்ந்த பூட்ஸும் ஜனங்களுக்குச் சலித்துப்போயின. குழு கலைந்தது. நெவில் சாரமேறி வீடுகளுக்குச் சுவர் பூசப் போனான். முப்பத்தெட்டு வருஷம் பூசினான்.

போன வசந்தத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டங்கன் என்பவர் ஓர் இசைக் காட்சியகம் தொடங்கினார். நெவில் வீட்டுப் பரணில் கிடந்த கிதாரையும் சட்டையையும் கேட்டு வாங்கிப் போனார். சனிக்கிழமை மதியம் திறப்பு விழா. மேயரம்மா கழுத்தில் தன் பதவிச் சங்கிலியோடு வந்திருந்தார். இருநூறு பேராவது இருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெவில் அப்படியே நின்றுவிட்டான். என்ன என்று கிளெனிஸ் கேட்டாள். கம்பிகளை வலக்கைக்காரன் வாசிக்கிற வரிசைக்கு மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தான்.

டங்கன் பெருமையோடு வந்தார். “கம்பியெல்லாம் தலைகீழா கிடந்துச்சு சார். அட்டைப்படத்தப் பாத்து நானே சரி பண்ணிட்டேன்.”

கிளெனிஸ் அவன் விலாவில் இடித்தாள். “இப்பவாவது சொல்லித் தொலையேன்.”

“விடு. பாவம், கஷ்டப்பட்டு மாட்டியிருக்காரு.”

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் டங்கன் ஒலிபெருக்கியில், நெவில் அந்தப் புகழ்பெற்ற மெட்டை வாசிக்கப் போகிறார் என்று அறிவித்துவிட்டார். நெவில் மேடை ஏறினான். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கிதாரை இடப்பக்கமாக மாட்டி, ஒருமுறை மீட்டினான். கண்ராவியாக ஒலித்தது. கூட்டம் மரியாதைக்குப் புன்னகைத்தது. அவன் மேடை விளிம்பில் உட்கார்ந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.

ஐந்து நிமிஷம் போயிற்று. மேயரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். இந்த மனுஷனோ இருநூறு பேர் முன்னால் ஆறு கம்பியைக் கழற்றி மாட்டுகிறான். கிளெனிஸ் விறுவிறுவென்று ஏறி மைக்கைப் பிடித்தாள்.

“இவன் இடக்கை. அந்த அட்டைப்படம் தப்பு. மெட்டும் இவன் போட்டதுதான். சட்டை நான் தைச்சது, எங்கம்மா வீட்டுத் திரையில.”

நெவில் நிமிரவேயில்லை. “கிளெனிஸ், இந்தக் கம்பியக் கொஞ்சம் இழுத்துப் பிடி.”

பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். மெல்லிய கம்பி அறுந்தே போயிற்று. மிச்சம் ஐந்தில் வாசித்தான். முதல் நான்கு சுரத்திலேயே கூட்டம் எழுந்து, மிச்சத்தைச் சேர்ந்து பாடியது. மேயரம்மாவும் பாடினார்.

கூட்டம் கலைந்தபின் பாலின் என்ற பஸ் ஓட்டுநர் வந்தாள். அறுபது வயதிருக்கும். சிறுமியாக இருக்கையில் நெவில் இடக்கையால் வாசிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தாளாம். இடக்கையால் எழுதியதற்கு அவளைப் பள்ளியில் அடித்த காலம். அன்றைக்கே அண்ணனின் கிதாரில் கம்பிகளை மாற்றி மாட்டினாளாம். இன்றும் வெள்ளிக்கிழமைகளில் மதுக்கடையில் வாசிக்கிறாளாம்.

“உங்களப் பாத்துத்தான் சார், என் கை கோணக்கை இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுது.”

நெவில் பேச ஆரம்பித்தான். சுண்டுவிரலை எங்கே வைப்பது, மணிக்கட்டை எப்படி மடக்குவது என்று நிறுத்தாமல் பேசினான். கிளெனிஸ் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போயிற்று. வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். இருவர் காதிலும் விழவில்லை. இத்தனை பேச்சை இவன் எங்கே ஒளித்து வைத்திருந்தான்? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உதறினாள். அவன் பாலினுக்கு அடுத்த பிடியைக் காட்டிக்கொண்டிருந்தான்.