முதுகில் வைக்காத கை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மழைக்காட்டில், அத்தானின் முதுகுக்கு இரண்டடி பின்னால். அத்தான் என் அக்காவின் கணவர். விலங்குகளைப் படம்பிடிக்க மரங்களில் கட்டிவைத்த கேமராக்களுக்கு பேட்டரி மாற்றுவது அவர் வேலை. அன்று அவருடைய கூட்டாளிக்குக் காய்ச்சல்.

"சும்மாதானே உக்காந்திருக்கே, வா மச்சான். எழுத ஏதாவது கிடைக்கும்" என்றார்.

கிடைத்தது.

2

தொடக்கம் ஒன்று: 'காடு அன்று மௌனமாக—'

அட, பொய். சிள்வண்டுகள் காதைக் கிழித்தன.

தொடக்கம் இரண்டு: 'மலைப்பாம்பு அவரையே பார்த்துக்கொண்டு—'

பாம்பு எதைப் பார்த்தது என்று நான் கண்டேனா?

தொடக்கம் மூன்று: 'இலைகளுக்கு நடுவே இலையல்லாத ஒன்று மூச்சு விட்டது.'*

இது நல்ல வாக்கியம். அதுதான் பிரச்சினை.

3

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர், கேமரா இருக்கும் மரத்தைக் காட்டும் சிவப்புப் பட்டையைத் தேடி மேலே பார்த்து நடப்பார். பின்னால் போகிறவர் தரையைப் பார்க்க வேண்டும். எதையாவது கண்டால் கத்தக்கூடாது. முன்னவர் முதுகில் கை வைத்தால் போதும், அவர் அப்படியே நின்றுவிடுவார்.

"மேல என் கண்ணு, கீழ உன் கண்ணு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தான்."

(இந்த இரண்டு வரியை மூன்று முறை அடித்துவிட்டு, மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

4

பட்டை கட்டிய மரத்தடியில் அத்தான் குந்தினார். வலது கையை வேர்களுக்கு நடுவில் ஊன்றினார். மலைப்பாம்பின் ஒரு பாய்ச்சல். கண்மூடித் திறப்பதற்குள் மணிக்கட்டைக் கவ்வி, முழங்கைவரை இரண்டு சுற்று சுற்றிவிட்டது. என் தொடை அளவு பருமன்.

"வாலு... வாலப் புடிச்சுப் பிரி!"

வாலைத் தேடிப் பிடித்து அங்கிருந்து பிரித்தேன். ஒரு சுற்றைப் பிரிப்பதற்குள் அடுத்தது இறுகியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் முகம் வெளுத்ததுதான் தெரியும்.

உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார் மருத்துவர். காட்டை விட்டால் வேறு எங்கும் மூச்சு விடத் தெரியாத மனிதர், இன்று ஜன்னலில்லாத அறையில் பேட்டரிகளுக்கு எண் ஒட்டுகிறார்.

"அது இலையோட இலையா கிடந்திருக்கு. நீ என்னடா பண்ணுவே, பாவம்" என்றாள் அக்கா.

5

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும். நான் பாம்பைப் பார்த்தேன். அத்தான் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தார். கையைக்கூடத் தூக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாவது தொடக்கம் வந்து தொலைந்தது. 'அசைந்தது' என்பதா, 'மூச்சு விட்டது' என்பதா? பாம்பென்றால் படையும் நடுங்குமாம். நான் நடுங்கவில்லை, வார்த்தை தேடினேன். கை அந்தரத்திலேயே நின்றது. அவர் குந்தினார்.

வெட்கமாக இருக்கிறது.

6

முடிவு ஒன்று: ஐந்தாம் பகுதியைக் கிழித்துவிடுகிறேன்.

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் வாசிக்கிறேன். அத்தான் சிரித்து, "போடா லூசு" என்று—

நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை.

இப்போது அத்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார், இடது கையில் தேநீர் டம்ளர். அக்கா வாசற்படியில் நிற்கிறாள். நான்காம் பகுதிவரை வாசித்துவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே? வாசி மச்சான்."

பக்கத்தைத் திருப்பப் போகிறேன். இந்த முறை முன்னால் போகிறவன் நான். பின்னால் நீங்கள். நான் நிற்க வேண்டுமென்றால், கத்த வேண்டாம், முதுகில் கை வையுங்கள்.

---
* 'மூச்சு விட்டது'தான் சரியான சொல். இன்றும் மாற்ற மனம் வரவில்லை.